புல்லுருவியா, தேன்சிட்டா: எது குற்றவாளி?

கேள்வி: உச்சிப்புளிப் பக்கம் 30 மாமரம் வைத்திருக்கிறேன். ஏழெட்டு மரத்தில் புல்லுருவி ஏறிச் சிவப்பாகப் பூத்துக் கிடக்கிறது. விடிந்தால் தேன்சிட்டு மொய்க்கிறது. அதுதான் பரப்புகிறது, வலை கட்டி விரட்டுங்கள், மரத்துக்கு 2,4-டி களைக்கொல்லி அடியுங்கள் என்கிறார் மருந்துக்கடைக்காரர். செய்யலாமா ஐயா?

பதில்: வலை வேண்டாம். தேன்சிட்டு வளைந்த அலகைப் பூக்குழலுக்குள் விட்டுத் தேனைத்தான் உறிஞ்சுகிறது. மகரந்தம் மாறிப் புல்லுருவி காய் பிடிக்க அது உதவுவது உண்மை. ஆனால் விதை தூக்குவது வேறு குருவி. அலகு குட்டையாக, சாம்பல் நிறத்தில், கட்டைவிரல் பருமனில் ‘டிக் டிக்’ என்று கத்திக்கொண்டு திரியுமே, அந்தப் பூங்கொத்தி. புல்லுருவிப் பழத்தை விழுங்கி, பசையோடு நூலாய் இழுபடும் விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். ஒட்டிய இடத்திலேயே முளைத்துவிடும். எந்த வலையும் அதைத் தடுக்காது. தேன்சிட்டோ குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியும் பிடித்துப் போகிற பறவை. அது தோப்பில் இருக்கட்டும்.

2,4-டி பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். கடலோரக் காற்றில் அதை மரத்தின் மேல் அடிக்கச் சொல்பவருக்கு உங்கள் பக்கத்துக் கொல்லை கண்ணில் படவில்லை. பருத்திக்கும் மிளகாய்க்கும் அதன் சாரல் பட்டாலே போதும்: பருத்தி இலை வெண்டை இலை போல விரல் விரலாய்ப் பிளந்து சுருங்கும், மிளகாய் நுனி முறுக்கிக்கொள்ளும். மாவின் பூவும் கொட்டும். அந்தப் புட்டியைத் திருப்பிக் கொடுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, வெட்டினாலும் ஏன் மறுபடி துளிர்க்கிறது என்பதை. புல்லுருவியின் வேர் பட்டை மேல் ஊர்ந்து ஊர்ந்து பல இடத்தில் கிளைக்குள் இறங்கும். செடியை மட்டும் ஒடித்தால் மிச்ச வேர் எழும்பும். அதனால் ஒட்டிய இடத்திலிருந்து அடிமரப் பக்கமாக ஓரடி தள்ளி, கிளையையே ரம்பத்தால் அறுங்கள். புல்லுருவிப் பழம் பழுக்குமுன் அறுப்பது முக்கியம். தடித்த கிளையானால் ஊர்ந்த வேர் முழுவதையும் உளியால் செதுக்குங்கள். துளிர்த்தால் மறுபடி செதுக்க வேண்டிவரும்.

வெட்டுவாயில் பூஞ்சை ஏறாமலிருக்கப் போர்டோ பசை: 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு இன்னொரு அரை லிட்டரில். இரும்புப் பாத்திரம் கூடாது. கலந்தபின் தீட்டிய கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். அன்றே பூசிவிடுங்கள்.

வேலி ஓரத்து வேம்பையும் அண்ணாந்து பாருங்கள். அங்கே புல்லுருவி இருந்தால் முதல் அறுப்பு அதில்தான்.