பெயர் ‘ஃபைனல்’, ஆனால் எது கடைசி?

கேள்வி: மூன்று பேர் சேர்ந்து ஒரு திட்ட அறிக்கை எழுதுகிறோம். ஃபைனல், ஃபைனல்2, ஃபைனல்புதுசு என்று பதினோரு வேர்டு கோப்புகள் சேர்ந்துவிட்டன. கடைசியாகத் திருத்திய தேதியைப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாமா?

பதில்: அழிக்காதீர்கள். மெயிலில் கிடந்த பழைய கோப்பை இன்று இறக்கினால் பெரும்பாலும் இன்றைய தேதிதான் விழும். யாராவது சும்மா திறந்து, ஒரு இடைவெளி தட்டிச் சேமித்தாலும் அதே கதைதான்.

முதலில் பதினொன்றுக்கும் நகல் எடுத்துத் தனி ஃபோல்டரில் போட்டு, அதைத் தொடாமல் விடுங்கள். அப்புறம் சந்தேகமான இரண்டை எடுத்து, வேர்டில் ரிவியூ பகுதியில் இருக்கும் கம்பேர் கொடுங்கள். எது கூடியது, எது போனது என்று மூன்றாவது ஆவணத்தில் குறித்துக் காட்டும், மூலம் இரண்டும் அப்படியே இருக்கும். செலவு அட்டவணையில் ஒருவர் திருத்திய எண் ஃபைனல்2-இல் மட்டும் இருக்கும், இன்னொருவர் மாற்றிய முன்னுரை ஃபைனல்புதுசில் மட்டும் இருக்கும். அப்படியென்றால் கடைசிப் பதிப்பு என்று ஒன்று உங்களிடம் இல்லவே இல்லை, இரண்டையும் சேர்த்து இனிமேல்தான் உண்டாக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஊற்று, இன்னமும் ‘இணைப்பாக மெயிலில் அனுப்புங்கள்’ என்று பிடிவாதம் பிடிக்கும் அலுவலகங்கள்தான். அனுப்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு நகல் பிறக்கிறது, அது யாருக்கும் உறைப்பதில்லை.

கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பில் மூவரும் எழுதுங்கள், பழைய நிலைகள் பதிப்பு வரலாற்றில் இருக்கும். ஆனால் வேர்டு கோப்பை அப்படியே கூகுள் டிரைவில் ஏற்றி, அதன்மேல் புதுப்புதுப் பதிப்பாக ஏற்றிக்கொண்டே போனால் கணக்கு வேறு: 30 நாள் கழிந்தாலோ 100 பதிப்பு சேர்ந்தாலோ பழையது நிரந்தரமாக அழிந்துபோகலாம். அழியாமலிருக்க, எப்போதும் வைத்திருக்கும்படி அந்தப் பதிப்பில் நீங்களே குறித்திருக்க வேண்டும். டிரைவில்தானே இருக்கிறது என்று நம்பி ஏமாறுவது இங்கேதான்.

ஆவண மேலாண்மை மென்பொருள் என்று ஆண்டுச் சந்தாவோடு யாராவது வந்தால், மூன்று பேருக்கு அது வேண்டவே வேண்டாம். மீறி வற்புறுத்தினால், ‘சந்தாவை நிறுத்தினால் பழைய பதிப்புகள் உட்பட எல்லாவற்றையும் நான் எடுத்துக்கொள்ள முடியுமா, எழுதித் தாருங்கள்’ என்று கேளுங்கள். என்னிடம் வந்தவர்கள் பலர் பணம் கட்டிய பிறகுதான் இதைக் கேட்டார்கள்.

தனிக் கோப்பாகத்தான் வைப்பேன் என்றால் பெயரை 2025-03-07 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் தொடங்குங்கள், தானாகவே கால வரிசையில் நிற்கும். வெளியே அனுப்பியதை மட்டும் அதே தேதியோடு பிடிஎஃப்பாகவும் வையுங்கள். ‘நீங்கள் அனுப்பியதில் இந்த எண் இல்லையே’ என்று ஒருநாள் போன் வரும், அப்போது எடுத்துக் காட்ட அது வேண்டும்.