வாசகர் கேள்வி பதில்: நகராமல் நிற்கும் பாக்கெட் வரிசை

கேள்வி: லினக்ஸில் மெய்நிகர் கணினிகளை ஓட்ட உதவும் கே.வி.எம். மேல் இயங்கும் மெய்நிகர் கணினிக்காக நாங்களே எழுதிய சிறிய இயங்குதளத்தில், விர்ட்டியோ (மெய்நிகர் கணினியும் அதைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியும் தரவு பரிமாறும் முறை) நெட்வொர்க் டிரைவர் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். சுமை கூடினால் சில மணி நேரத்தில் பாக்கெட் வெளியே போவது நின்றுவிடுகிறது. உள்ளே வருவது மட்டும் தொடர்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. டிரைவரில் ஒரு பிரிண்ட் வரியைச் சேர்த்தால் கோளாறே வருவதில்லை. நின்றபோது எடுத்த எண்கள்: அவைலபிள் (டிரைவர் அனுப்பக் கொடுத்தவை) 41229, யூஸ்டு (ஹோஸ்ட் முடித்துத் தந்தவை) 41229, டிரைவர் கடைசியாகக் கண்ட யூஸ்டு எண் 41101. எங்கே தேடுவது?
– வாசகர், ஓசூர்

பதில்: அந்த மூன்று எண்களை எடுத்து அனுப்பினீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. அவைலபிள் எண் முன்னே போய் யூஸ்டு எண் பின்தங்கியிருந்தால், நீங்கள் கொடுத்த அறிவிப்பு ஹோஸ்ட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்று அந்தப் பக்கம் தேடச் சொல்லியிருப்பேன். இங்கே இரண்டும் சமம். அதாவது நீங்கள் கொடுத்த எல்லாவற்றையும் ஹோஸ்ட் அனுப்பி முடித்துவிட்டது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நிற்பது உங்கள் டிரைவர்தான். 41229இலிருந்து 41101ஐக் கழித்தால் 128. வரிசையின் அளவு 256 என்றும், தலைப்புக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று என ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு டிஸ்கிரிப்டர் (தரவு மெமரியில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பதிவு) செலவிடுகிறீர்கள் என்றும் கொண்டால், 128 என்பது வரிசை முழுக்க நிரம்பியதற்கான கணக்கு. ஆகவே வரிசை நிரம்பி, அனுப்புவதை நிறுத்தி, இன்டரப்டுக்காக (வேலை முடிந்தது என்று ஹோஸ்ட் தரும் அழைப்பு) காத்திருக்கும் அந்தச் சில வரிகளில்தான் பிழை இருக்கவேண்டும்.

நம் மாவட்டத்து மாம்பழப் பருவத்தை வைத்துச் சொல்கிறேன். மாங்கூழ் ஆலைக்குப் பெங்களூரா காய் அனுப்பும் மண்டிக்காரர் ஒருவரிடம் 128 கிரேட்கள் மட்டுமே இருப்பதாகக் கொள்ளுங்கள். காலி கிரேட் வரும்போதெல்லாம் போன் செய்யவேண்டாம், வரும்போது நானே எடுத்துக்கொள்கிறேன் என்று ஆலைக் காவலாளியிடம் அவர் சொல்லி வைத்திருக்கிறார். கையிருப்பு தீர்ந்ததும், இனிமேல் காலியானால் போன் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்புகிறார். அந்தச் சொல் காவலாளியிடம் போய்ச் சேர்வதற்குள் கடைசிக் கிரேடும் காலியாகிக் கதவோரம் வந்துவிடுகிறது. பழைய பேச்சின்படி காவலாளி போன் செய்யவில்லை. இனிமேல் காலியாவதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் போன் வரப்போவதும் இல்லை. 128 கிரேட்களும் கதவோரம் கிடக்க, மண்டிக்காரர் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மண்டிக்காரர் உங்கள் டிரைவர், காவலாளி ஹோஸ்ட், போன்தான் இன்டரப்ட்.

அனுப்பும் வரிசையில் இன்டரப்ட் வேண்டாம் என்ற கொடியைப் போட்டுவைப்பது பல டிரைவர்களிலும் உள்ள நல்ல பழக்கம்தான். ஆனால் அதை எடுக்கும்போது வரிசைமுறை தவறக்கூடாது: முதலில் அனுப்புவதை நிறுத்தவேண்டும், பிறகு கொடியை எடுக்கவேண்டும், அடுத்து முழு மெமரி பேரியர் (முன்னே எழுதியது வெளியே தெரிந்த பிறகே அடுத்ததை வாசிக்கச் சொல்லும் கட்டளை) ஒன்றைப் போடவேண்டும், அதன்பின் யூஸ்டு எண்ணை மறுபடி வாசித்து, நகர்ந்திருந்தால் காத்திராமல் அங்கேயே டிஸ்கிரிப்டர்களை மீட்டுக்கொண்டு அனுப்புவதைத் தொடரவேண்டும். லினக்ஸின் விர்ட்டியோ டிரைவரும் இப்படி மறுபடி பார்த்துக்கொள்கிறது. பேரியரை மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்டெல் சிப் வரிசை மாற்றாது என்று நம்பி அதை நீக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் இடத்தில் எழுதியது ஸ்டோர் பஃபரில் (எழுதியவை மெமரிக்குப் போகும்முன் சிப்புக்குள் காத்திருக்கும் இடம்) தங்கியிருக்கும்போதே வேறொரு இடத்தை வாசித்து முடித்துவிட எக்ஸ்86 சிப்பும் இடம் கொடுக்கிறது, உங்களுக்கு வேண்டாதது சரியாக அதுதான்.

பிரிண்ட் வரியைச் சேர்த்ததும் கோளாறு மறைவது இதனோடு பொருந்துகிறது. அந்த வரி டிரைவரை மெதுவாக்குவதால் வரிசை நிரம்பும் நிலையே வருவதில்லை. பிழை அங்கேயேதான் இருக்கிறது.

இவென்ட் இன்டெக்ஸ் வசதியை உங்கள் டிரைவர் ஒப்புக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒப்புக்கொண்டிருந்தால் ஹோஸ்ட் அந்தக் கொடியைப் பார்க்காது. எந்த எண்ணைத் தாண்டும்போது இன்டரப்ட் வேண்டும் என்பதை யூஸ்டு இவென்ட் என்ற இடத்தில் நீங்கள் எழுதவேண்டும். எழுதிய பின் மறுபடி பார்க்கும் கடமை அங்கேயும் உண்டு. மெய்நிகர் கணினியை ஓட்டும் கியூஎம்யூ மென்பொருளில் அந்த வசதியை அணைத்து ஒரு முறை ஓட்டினால், இரண்டில் எந்த வழியில் சிக்கல் என்று பிரித்துக்கொள்ளலாம்.

என் ஊகம் சரிதானா என்று அறிய, அடுத்த முறை வரிசை நிற்கும்போது மறுதொடக்கம் செய்யாமல், டிஸ்கிரிப்டர்களை மீட்கும் ஃபங்ஷனைக் கையால் ஒரு முறை அழையுங்கள். உடனே போக்குவரத்து தொடங்கினால் ஐயமில்லை. நொடிக்கு ஒரு முறை அதை அழைக்கும் டைமர் போட்டு முடித்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அவசரத்துக்கு வைத்தாலும், டைமர் எத்தனை முறை காப்பாற்றியது என்ற எண்ணிக்கையைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: நான் எழுதிய பயிற்சி டிரைவர், சரியாக 65,536ஆவது பாக்கெட்டை ஒட்டி ஒவ்வொரு முறையும் நிற்கிறது. இதுவும் இன்டரப்ட் சிக்கலா?
– கல்லூரி மாணவி, தருமபுரி

பதில்: இல்லை அம்மா. ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணில் நின்றால் அது நேரப் பிழை அல்ல, கணக்குப் பிழை. அவைலபிள், யூஸ்டு எண்கள் 16 பிட் கொண்டவை. 65,535க்குப் பின் சுழியத்துக்குத் திரும்பிவிடும். யூஸ்டு எண், கடைசியாகக் கண்டதைவிடப் பெரிதா என்று நீங்கள் ஒப்பிட்டிருப்பீர்கள். பெரிதா என்று கேட்காமல் வேறுபடுகிறதா என்று கேளுங்கள். எத்தனை முடிந்தது என்பதைக் கழித்துப் பெறுங்கள். கடைசியாகக் கண்டது 65,530, இப்போது 4 என்றால் விடை 10 வரவேண்டும். சி மொழி கழிப்பதற்கு முன் இரண்டையும் இன்ட் (மைனஸ் எண்ணும் கொள்ளும் வகை) ஆக்கிவிடுவதால் உங்களுக்கு மைனஸ் 65,526 கிடைக்கும். விடையை மறுபடி 16 பிட் குறியற்ற எண்ணாக மாற்றினால் 10 கிடைத்துவிடும்.