பெஞ்வார் என்னும் வீட்டங்கி

கேள்வி: அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோபினின் ‘தி அவேக்கனிங்’ நாவலில் நாயகி ‘பெஞ்வார்’ அணிந்திருக்கிறாள். அகராதியோ இரவு அங்கி என்கிறது. நாம் உடுத்தும் நைட்டிதானா அது? தமிழாக்கும்போது எந்தச் சொல்லை இடலாம்?
– கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: நைட்டி அன்று. தலை சீவுவதைக் குறிக்கும் ‘பெஞே’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த சொல் இது. சீவும்போது தோளைச் சுற்றிப் போர்த்திய துணியே முதலில் இப்பெயர் பெற்றது. பிரான்சில் இன்றும் முடிதிருத்துபவர் போர்த்தும் துணிக்கும் குளித்தபின் அணியும் அங்கிக்கும் இதுவே பெயர். ஆங்கிலத்தில், பெண்கள் உள்ளறையில் அணியும் தளர்ந்த மேலங்கி என்னும் பொருளே நிலைத்தது.

உங்கள் ஊரிலும் எங்கள் தருமபுரியிலும் பெண்கள் நைட்டியின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு குழாயடிக்கும் காய்கறி வண்டிக்கும் வந்துவிடுகிறார்கள். அது வேலைக்கான உடை. பெஞ்வாரோ வாசற்படி தாண்டாதது. இடையை இறுக்கும் கச்சையோடுதான் பிறர்முன் வரலாம் என்றிருந்த 19ஆம் நூற்றாண்டின் வசதி படைத்த பெண்ணுக்கு, அந்தக் கட்டிலிருந்து உடல் விடுபட்டிருந்த சில மணி நேரத்தின் உடை அது. எழுத்தாளர்களை அது ஈர்த்ததற்குக் காரணம் இதுவே என்பேன்.

1899இல் வெளிவந்த அந்நாவலின் தொடக்கத்தில், இரவு நேரங்கழித்துத் திரும்பும் கணவன், மகனுக்குக் காய்ச்சல் என்றும், பிள்ளைகளை நாயகி எட்னா கவனிப்பதில்லை என்றும் குறைகூறிவிட்டு உறங்கிப்போகிறான். எட்னா தாழ்வாரத்தில் தனியே அமர்ந்து அழுகிறாள். துடைத்துத் துடைத்து பெஞ்வாரின் கைப்பகுதி நனைந்து, இனிக் கண்ணீரைத் துடைக்க உதவாமலே போய்விடுகிறது. ஏன் அழுகிறோம் என்பது அவளுக்கே விளங்கவில்லை. மனைவி, தாய், வீட்டுத்தலைவி என்று ஊருக்குக் காட்டும் உடை எதுவும் மேலில் இல்லாத அந்த நேரத்தில்தான் அவளுடைய துயரம் வெளிவருகிறது; அந்த இடத்தை வேறோர் உடையில் எழுதியிருந்தால் இத்தனை அழுத்தம் வந்திராது.

அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ் 1915இல் வெளியிட்ட ‘சண்டே மார்னிங்’ கவிதையில் முதலடியிலேயே இச்சொல் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை, வெயில் விழும் நாற்காலி, தாமதமாக அருந்தும் காப்பி, ஆரஞ்சுப் பழங்கள். கவிதையில் வரும் பெண் தேவாலயத்துக்குப் புறப்படவில்லை என்பதை அந்த உடையே நமக்குச் சொல்லிவிடுகிறது. கவிதை பிறகு எழுப்பும் சமயக் கேள்விகள் யாவும் அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

ஆகவே ‘இரவு அங்கி’ வேண்டாம். எட்னாவின் நள்ளிரவுக்குப் பொருந்தினாலும் ஸ்டீவன்ஸின் காலைப்பொழுதை அது கெடுத்துவிடும். முதல்முறை ‘பெஞ்வார் என்னும் வீட்டங்கி’ என்று எழுதிவிட்டு, அடுத்த இடங்களில் ‘வீட்டங்கி’ என்றே தொடருங்கள்.