எஸ், எஸ்தா: எங்கே எது?

கேள்வி: ஸ்பானிஷ் மொழித் தேர்வான டெலேயில் ஏ2 நிலைக்குப் படிக்கிறேன். ஆங்கில 'is' போல ஒருவரையோ ஒன்றையோ பற்றி 'இப்படி, இங்கே' என்று சொல்ல ஸ்பானிஷில் எஸ், எஸ்தா என்று இரண்டு சொற்கள். நிரந்தரமானதற்கு 'எஸ்', தற்காலிகமானதற்கு 'எஸ்தா' என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். ஆனால் இறந்துபோனவரை 'எஸ்தா முவேர்தோ' என்கிறது புத்தகம். சாவு தற்காலிகமா?

பதில்: உங்கள் சந்தேகம் சரி, விதிதான் தப்பு. மாத்ரித் நகரம் எங்கேயும் நகரப்போவதில்லை. ஆனாலும் 'மாத்ரித் ஸ்பெயினில் இருக்கிறது' என்பதற்கு 'மாத்ரித் எஸ்தா என் எஸ்பான்யா'தான். முதல் பாடத்திலேயே உடைந்துவிடும் ஒரு விதியை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? 'முப்பது நாளில் ஸ்பானிஷ்' என்று போர்டு மாட்டியவர்களுக்கு எல்லாமே ஒரு வரியில் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒருவர் எப்படிப்பட்டவர் என்றால் எஸ். எந்த நிலையில் இருக்கிறார் என்றால் எஸ்தா. அந்த நிலை எத்தனை நாள் நீடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. உயிரோடு இருந்தவர் வேறொரு நிலைக்குப் போய்விட்டார், எனவே எஸ்தா முவேர்தோ.

'எஸ் அபுர்ரீதோ' என்றால் ஆள் அறுவை. 'எஸ்தா அபுர்ரீதோ' என்றால் பாவம், அவருக்கே போரடிக்கிறது. 'எஸ் லிஸ்தோ' கெட்டிக்காரர். 'எஸ்தா லிஸ்தோ' தயாராக இருக்கிறார். இவற்றை ஜோடியாகவே மனப்பாடம் செய்யுங்கள். 'புவேனா'வில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. சூப்பை 'எஸ்தா புவேனா' என்றால் ருசியாக இருக்கிறது. அதையே ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் அவர் உடம்பைப் பார்த்து கமெண்ட் அடித்ததாகிவிடும். நலமாக இருக்கிறார் என்பதற்கு 'எஸ்தா பியென்'.

இடம் சொல்ல எஸ்தா என்று படித்திருப்பீர்கள். அதில் ஒரு விலக்கு உண்டு, நிறையப் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். பொருளோ ஊரோ இருக்கும் இடத்துக்கு எஸ்தா. நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கு எஸ். 'எல் எக்ஸாமென் எஸ் என் லா சாலா த்ரெஸ்': தேர்வு மூன்றாம் அறையில் நடக்கிறது. 'எல் எக்ஸாமென் எஸ்தா என் லா மேசா': வினாத்தாள் மேசைமேல் இருக்கிறது. சொல் ஒன்றுதான், முதலில் நிகழ்ச்சி, அடுத்தது காகிதம். தமிழ்க் காதுக்கு இது கஷ்டமே இல்லை. 'மண்டபம் எங்கே இருக்கிறது?' என்போம், 'கல்யாணம் எங்கே?' என்போம். 'இருக்கிறது' வரும் இடத்தில் எஸ்தா, வராத இடத்தில் எஸ். ஆனால் இந்தக் குறுக்குவழி இடத்துக்கு மட்டும்தான். 'அழகாக இருக்கிறாள்' என்பதற்கெல்லாம் இதைப் போடாதீர்கள். அவள் அழகி என்ற பொருளில் அங்கே எஸ்தான் வரும்.

எழுதும்போது எஸ்தாவின் கடைசி எழுத்துமேல் சாய்கோடு கட்டாயம். கோடு இல்லையென்றால் அது 'இந்த' என்ற வேறு சொல்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. 'எங்கள் சான்றிதழும் டெலேயும் ஒன்றுதான்' என்று உங்கள் வகுப்பில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டெலேயை ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் பெயரில் வழங்குவது செர்வாந்தெஸ் நிறுவனம். டெலே சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. சியேலே என்பது வேறொரு ஸ்பானிஷ் தேர்வு, அதன் சான்றிதழ் 5 ஆண்டுதான் செல்லும். இரண்டையும் குழப்பிப் பணம் கறக்கும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். தேர்வு மையப் பட்டியலைச் செர்வாந்தெஸ் இணையதளத்தில் நீங்களே பார்த்துவிட்டு, அதன் பிறகு பணம் கட்டுங்கள். பதிவுக்கான கடைசி நாள் தேர்வுக்குப் பல வாரம் முன்பே முடிந்துவிடும். அதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.