பதினொரு வயதுப் பிள்ளை கையில் வீட்டு ஷாப்பிங்: எதைப் பூட்டுவது, எதை விட்டுக்கொடுப்பது?

கேள்வி: பெங்களூரில் அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது. முகத்துக்கு சீரம், பிராண்ட் தண்ணீர் பாட்டில், கேம் காயின் என்று எல்லாம் அவளே தேர்ந்தெடுத்து, என் போனிலேயே ஆர்டரும் போட்டுவிடுகிறாள். பேச்சும் பெரிய மனுஷி பேச்சு. இது முதிர்ச்சியா, கைமீறிப் போகிறதா?

பதில்:

முதிர்ச்சி என்று நாம் சொல்வதற்குள் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. உடம்பு வளர்வது ஒன்று. பொருள், பிராண்ட், விலை பற்றிய விவரம் இரண்டாவது. வேண்டும் என்று தோன்றியதை நாளைக்குத் தள்ளிப்போடும் திராணி மூன்றாவது. இப்போதைய பிள்ளைகளிடம் இரண்டாவது பறக்கிறது, முதலாவது கொஞ்சம் முந்திக்கொண்டிருக்கிறது, மூன்றாவது நம் காலத்து வேகத்திலேயேதான் வருகிறது. ஆசையை அடக்கி யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர்ந்து முடிய இருபது வயதுக்கு மேலாகும். உங்கள் மகளுக்கு விவரம் அதிகம், அவ்வளவுதான். விற்பவர்கள் அந்த விவரத்தைப் பார்த்துவிட்டு அவளைப் பெரியவளாகவே நடத்துகிறார்கள். வீட்டிலும் அப்படியே நடத்தினால்தான் சிக்கல்.

இந்த விற்பனைக் கணக்கு புதிதல்ல. ஜேம்ஸ் மெக்நீல் என்ற அமெரிக்கச் சந்தையியல் பேராசிரியர் ஒரு குழந்தைக்குள் மூன்று சந்தைகளைப் பார்த்தார்: தன் கைக்காசில் வாங்குவது, பெற்றோரை வாங்க வைப்பது, வளர்ந்தபின் வாங்கப்போவது. இதில் இரண்டாவதுதான் பெரியது. வீட்டுக்கு எந்த டிவி, எந்த பிஸ்கட், லீவுக்கு எந்த ஊர் என்பதில் எல்லாம் பிள்ளையின் வாக்கு இருக்கிறது. ஏழெட்டு வயதிலேயே விளம்பரம் என்பது விற்கத்தான் என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் ஏறக்குறைய 12 வயது வரை, யாராவது பக்கத்திலிருந்து நினைவூட்டினால்தான் அந்த அறிவை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்கிறது நுகர்வோர் உளவியல். ஆகவே "இது விளம்பரம்னு தெரியாதா உனக்கு?" என்று திட்டிப் பயனில்லை. தெரியும். அந்த நேரத்தில் ஞாபகம் வராது.

பேச்சுவார்த்தைக்கு முன்னால் பணம் கசியும் ஓட்டைகளை அடையுங்கள். ஓட்டை திறந்திருக்கும்போது கொடுக்கும் அறிவுரை காற்றோடு போய்விடும். யுபிஐ பின்னை மாற்றிவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பின் கேட்காத வழிகள் நிறைய உண்டு. யுபிஐ லைட்டில் ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை பின் இல்லாமலே போகும், இருப்பு 5,000 வரை வைக்கலாம். ஆட்டோ டாப்-அப் போட்டிருந்தால் தீரத் தீர தானே நிரம்பிக்கொள்ளும். பிள்ளை கைக்குப் போகும் போனில் லைட்டை மூடிவிடுங்கள், இருப்பு வங்கிக் கணக்குக்கே திரும்பும். பிளிங்கிட், ஜெப்டோ, இன்ஸ்டாமார்ட் போன்ற செயலிகளுக்குள் இருக்கும் வாலட் இருப்பு, 'பிறகு கட்டு' வசதி, கேஷ் ஆன் டெலிவரி எல்லாம் அடுத்த ஓட்டைகள். அபார்ட்மென்ட் கேட்டிலிருந்து போனுக்கு வரும் அனுமதிக் கேள்விக்குப் பிள்ளையே சரி என்று அமுக்கிவிட்டால், பொருள் வந்து பிரித்துத் தின்று முடித்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். கிரெடிட், டெபிட் கார்டை மெஷினில் தட்டினால் 5,000 ரூபாய் வரை பின் வேண்டாம். வங்கிச் செயலியில் கார்டு கட்டுப்பாடு பகுதிக்குப் போய் கான்டாக்ட்லெஸ்ஸை அணைத்துவிடலாம்.

பலர் கவனிக்காத ஒன்று விரல் ரேகை. அவசரத்துக்கு போனைத் திறக்கட்டும் என்று பிள்ளையின் விரலையும் உங்கள் போனில் பதிந்து வைத்திருப்பீர்கள். கூகுள் ப்ளேயில் வாங்குவதற்கும், செயலிகளின் பூட்டைத் திறப்பதற்கும் அதே விரல் செல்லும். இப்போது சில செயலிகளில் பின்னுக்குப் பதிலாக ரேகையை வைத்தே யுபிஐ பணம் கட்டவும் முடியும். செட்டிங்ஸில் எத்தனை விரல்கள் பதிந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள், உங்களுடையது அல்லாததை நீக்குங்கள். கையோடு யுபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலையும் திறந்து பாருங்கள். ஒரு முறை பின் போட்டு ஒப்புதல் கொடுத்துவிட்டால், பொதுவாக 15,000 ரூபாய் வரை மாதாமாதம் கேட்காமலே போகும். பிள்ளை 'இலவச ட்ரையல்' என்று ஆரம்பித்தது அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

கேம் காயின் தனி உலகம். ரோபக்ஸ், டைமண்ட் என்று பணத்துக்கு வேறு பெயர் வைப்பதே ரூபாய்க் கணக்கு மறக்கத்தான். பிள்ளைக்குத் தனி கூகுள் கணக்கு ஆரம்பித்து, பெற்றோர் கட்டுப்பாட்டுக்கான கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியில் சேர்த்து, எல்லா வாங்கலுக்கும் உங்கள் ஒப்புதல் தேவை என்று வைக்கலாம். ஐபோனில் இதற்கு 'ஆஸ்க் டு பை'. ஆனால் கூகுளின் ஒப்புதல் அதன் சொந்த பில்லிங் வழியாகப் போகும் பணத்தை மட்டுமே தடுக்கும். வெளியில் வாங்கிய ரிடீம் கோடும், கேம் கம்பெனியின் இணையதளத்தில் நேரே போடும் டாப்-அப்பும் அதில் மாட்டாது.

பணம் ஏற்கெனவே போய்விட்டதா? ப்ளே ஸ்டோரில் ஆர்டர் ஹிஸ்டரியைத் திறந்து, 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கேளுங்கள். காரணத்தில் குழந்தை அனுமதியின்றி வாங்கியது என்று உள்ளதை எழுதுங்கள். நேரம் தாண்டிவிட்டால் கேம் கம்பெனிக்கே எழுத வேண்டும். ஸ்கிரீன்ஷாட், ஆர்டர் எண், பிள்ளையின் வயதுச் சான்று மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். நம் ஒப்பந்தச் சட்டத்தில் 18 வயதுக்குக் குறைந்தவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-லேயே அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பு, அதையும் ஒரு வரி சேர்க்கலாம். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வங்கியிடம் போய் மோசடி என்று எழுதிக்கொடுக்காதீர்கள். பின்னை வீட்டில் ஒருவருக்குச் சொல்லியிருந்தால் அது உங்கள் அலட்சியமாகத்தான் கணக்கில் வரும், தவிர பிள்ளையின் கேம் கணக்கும் முடங்கலாம்.

இனி எதை விட்டுக்கொடுப்பது? என் கருத்தில், பத்து வயதுப் பிள்ளைக்குப் பணத்தைப் பற்றி இன்று தெரியாத ஒரே விஷயம், அது தீரும் என்பது. போனில் தட்டினால் வருகிறது, மறுபடி தட்டினால் மறுபடி வருகிறது. ஆகவே தீர்ந்துபோகக்கூடிய பணத்தைக் கொடுங்கள். வாரம் 150 முதல் 200 ரூபாய், ஞாயிற்றுக்கிழமை, ரொக்கமாக. 11 வயதுக்கு மாதக் கணக்கு நீளம், முதல் நாலு நாளில் காலியாகி மீதி நாளெல்லாம் சண்டையாக முடியும். பத்தும் இருபதுமாகக் கொடுங்கள், ஏனென்றால் பெங்களூர்க் கடைகளில் 200 ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறை இல்லை, ஸ்கேன் பண்ணு என்பார்கள். அந்தப் பணத்தில் எதெல்லாம் அடங்கும் என்று எழுதி ஒட்டுங்கள்: வெளித்தீனி, ஸ்டிக்கர், கேம், தோழிக்குப் பரிசு. உணவு, பள்ளிச் சாமான், உள்ளாடை, நாப்கின் இவை ஒருபோதும் அதில் சேரக்கூடாது.

செவ்வாய்க்கிழமையே தீர்ந்துவிட்டால் ஒன்றும் செய்யாதீர்கள். கடனும் வேண்டாம், முன்பணமும் வேண்டாம். இந்த ஏற்பாடு வழக்கமாக உடைவது இங்கேதான். பிள்ளை முகம் வாடினால் அப்பா நூறு ரூபாய் நீட்டுவார். சேலத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ வரும் தாத்தா கிளம்பும்போது ஐந்நூறைக் கையில் திணிப்பார். தாத்தாவைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். பாதி கைக்கு, பாதி வங்கிக்கு என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 10 வயது நிரம்பிய பிள்ளை சேமிப்புக் கணக்கைத் தானே இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட விதிகளிலும் இருக்கிறது. வரம்புகளை வங்கி வைக்கும், இருப்புக்கு மேல் எடுக்க முடியாது. டெபிட் கார்டு தருகிறோம் என்றால் முதல் வருடம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

12 வயதுக்குப் பிறகு தனி எண்ணுள்ள போன் எப்படியும் வந்துவிட்டதென்றால், உங்கள் கணக்கிலிருந்து பிள்ளை தன் போனில் பணம் கட்ட விடும் யுபிஐ சர்க்கிள் நல்ல வழி. ஒவ்வொரு தடவையும் நீங்கள் ஒப்புதல் தரும் முறை ஒன்று, மாத வரம்பு வைத்துவிட்டு விடும் முறை மற்றொன்று. பின்னதில் மாதம் 15,000, ஒரு தடவைக்கு 5,000 வரை உச்சவரம்பு. அது உச்சம்தான், நீங்கள் 800 என்று வைக்கலாம். அதற்காகவே ஒரு போன் வாங்கிக் கொடுப்பது மட்டும் வேண்டாத வேலை.

பத்து நிமிட டெலிவரி பற்றி ஒரு வார்த்தை. முன்பு கடைக்குப் போகும் வரை இருந்த இடைவெளியிலேயே பாதி ஆசைகள் செத்துவிடும். அந்த இடைவெளியை வீட்டுக்குள் நாமே உண்டாக்க வேண்டியிருக்கிறது. பிள்ளை கேட்பது எதுவானாலும் கார்ட்டில் போடலாம், ஆர்டர் சனிக்கிழமை மட்டும். சனிக்கிழமை அவளே உட்கார்ந்து எதை நீக்குவது என்று பார்க்கட்டும். "இன்னும் 43 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்" என்று வரும்போது, 43 ரூபாய் பொருள் வேண்டுமா, டெலிவரிக் கட்டணம் எவ்வளவு என்று அவளையே கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாக்கெட்டில் எம்ஆர்பி பக்கத்தில் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கவும் பழக்குங்கள். வீட்டு ஷாம்பு, பிஸ்கட் தேர்வை அவளிடமே விட்டுவிடலாம். விவரம் இருக்கும் பிள்ளைக்கு அதைக் காட்ட ஓர் இடம் வேண்டும்.

ரீல்ஸில் ஒரு அக்கா சீரம் காட்டினால், அந்த அக்கா அதற்குக் கம்பெனியிடம் பணம் வாங்கியிருக்கிறாளா என்று மகளோடு சேர்ந்து தேடுங்கள். பணமோ இலவசப் பொருளோ வாங்கியவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. குழந்தைகளைப் பார்த்து 'அம்மாவிடம் கேட்டு வாங்கு' என்று நேரடியாகத் தூண்டும் விளம்பரத்தையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 நெறிமுறைகள் தடுக்கின்றன.

சீரத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரெட்டினால், கிளைகாலிக் ஆசிட், லாக்டிக் ஆசிட் என்று பின்பக்கம் எழுதியிருந்தால் 11 வயதுத் தோலுக்கு வேண்டாம். இவை சுருக்கத்துக்கும் மங்கலுக்கும் என்று பெரியவர்களுக்காக வந்தவை. சிறு பிள்ளைகளின் தோலில் எரிச்சல், சிவப்பு, தோல் உரிதல் வரும், வெயிலும் கூடுதலாகத் தாக்கும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்று குளுமையாக இருந்தாலும் வெயிலின் புறஊதாக் கதிர் குறைவதில்லை. ஸ்வீடனில் ஒரு பெரிய மருந்துக்கடைத் தொடர் 2024-ல் இந்த மாதிரிப் பொருள்களை 15 வயதுக்குக் கீழே விற்பதை நிறுத்தியது. வேண்டாம் என்று மட்டும் சொன்னால் தோழி வீட்டில் போட்டுக்கொள்வாள், பதிலுக்கு மூன்றை அவளுக்கென்று வாங்கிக் கொடுங்கள்: வாசனையில்லாத மென்மையான ஃபேஸ் வாஷ், சாதாரண மாய்ஸ்சரைசர், எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். பாட்டில் நிறத்தை அவள் தேர்ந்தெடுக்கட்டும். பரு வந்திருந்தால் தோல் மருத்துவர்தான், ரீல்ஸ் இல்லை.

கடைசியாக உடம்பு. பேச்சு பெரிதாக இருப்பதையும் உடம்பு முந்துவதையும் முடிச்சுப் போடாதீர்கள். பெண்பிள்ளைக்குப் பருவ மாற்றம் 8 முதல் 13 வயதுக்குள் தொடங்குவது இயல்பு, பையன்களுக்கு 9 முதல் 14. பெண்களுக்கு முதல் அறிகுறி மார்பு மொட்டு, அதற்குப் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை வருடம் கழித்து மாதவிடாய். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வந்த கட்டுரை, 1977 முதல் 2013 வரை இந்தத் தொடக்கம் பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் வீதம் முந்தியதாகக் கணித்தது. உடல் எடை கூடுவது ஒரு முக்கியக் காரணம். ஆக 11 வயதில் உங்கள் மகளுக்கு மாற்றங்கள் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பள்ளிப் பையில் ஒரு நாப்கினும் மாற்று உள்ளாடையும் வையுங்கள், நாப்கினை எப்படிப் பயன்படுத்துவது என்று முன்பே காட்டிவிடுங்கள். வயதுக்கு வந்ததும் மண்டபம் எடுத்துச் சடங்கு செய்வதா என்பதை அவளைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வகுப்பில் முதலாவதாக வயதுக்கு வந்த பிள்ளைக்கு அந்தக் கூட்டம் கூச்சமாக இருக்கும்.

மருத்துவரிடம் போக வேண்டியது எப்போது? பெண்ணுக்கு 8 வயதுக்கு முன், பையனுக்கு 9-க்கு முன் மாற்றம் தெரிந்தால், அல்லது எந்த வயதிலும் ஒரே வருடத்தில் எல்லாம் கிடுகிடுவென்று நடந்தால். இரண்டாவது வகுப்புத் தங்கைக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ இப்படி இருந்தால் 'சீக்கிரம் வளர்கிறாள்' என்று மகிழ்ந்து இருந்துவிட வேண்டாம். எலும்பு சீக்கிரம் முற்றினால் வளர்ச்சியும் சீக்கிரம் நின்று, முடிவில் உயரம் குறையும். குழந்தை மருத்துவரிடம் சொல்லி ஹார்மோன் நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள். பள்ளியில் எடுத்த உயர, எடைக் குறிப்பு, அறிகுறி முதலில் தெரிந்த மாதம், வீட்டில் யாராவது ஹார்மோன் ஜெல் பூசுகிறார்களா என்ற விவரம், பிள்ளை பூசும் கிரீம், சாப்பிடும் லேகியப் பாட்டில் இவற்றை எடுத்துப் போங்கள். இடது கை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டோடு படத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்து ஒப்பிட அதுதான் வேண்டும்.