கேஸ் அடுப்பு: கேட்டதும் சொன்னதும்

மன்னார்குடியிலிருந்து ஒரு அக்கா: தம்பி, ஒரு மாதமாகப் பாத்திரத்துக்கு அடியெல்லாம் கரி பிடிக்கிறது. சிலிண்டர் மாற்றியும் சரியாகவில்லை.

அக்கா, தீயின் நிறத்தைப் பாருங்கள். நீலமாக எரிந்தால் கேஸோடு காற்று சரியாகக் கலக்கிறது. மஞ்சளாக நீண்டு எரிந்தால் காற்று போதவில்லை, கரி அதனால்தான். சாதம் பொங்கி வழிந்து பர்னர் ஓட்டை அடைத்திருக்கும், இல்லையென்றால் பர்னருக்கு அடியில் இருக்கும் குழாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறியதும் பர்னரைக் கழற்றுங்கள். ஓட்டைகளை ஊசியால் குத்தி, கவிழ்த்துத் தட்டி, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். ஈரம் துளிகூட இல்லாமல் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நாள் முழுக்கக் காய வைத்தாலும் தவறில்லை.

உள்ளே தெரியும், கேஸ் வெளியே வரும் சின்ன ஜெட்டில் மட்டும் ஊசி விடாதீர்கள். அதன் துளை அளவு பார்த்துப் போட்டது. கொஞ்சம் பெரிதானாலும் கேஸ் கூடுதலாக வந்து தீ மறுபடியும் மஞ்சளாகும். நிறைய வீடுகளில் அடுப்பு கெடுவது இந்த ஊசியால்தான், பார்க்கவே வருத்தமாக இருக்கும். உப்புத் தண்ணீர் வழிந்த உடனே கொஞ்ச நேரம் மஞ்சள் பொறி தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது உப்பின் நிறம்.

கும்பகோணத்திலிருந்து ஒரு அம்மா: கறுத்த பர்னருக்குப் புளி போடலாமா?

பித்தளை என்றால் தாராளமாக, குத்துவிளக்கு தேய்ப்பது போலத்தான். அலுமினிய பர்னருக்குப் புளியும் வேண்டாம், ஆப்ப சோடாவும் வேண்டாம். சோடாவில் ஊறினால் அலுமினியம் இன்னும் கறுக்கும்.

திருவையாற்றிலிருந்து ஒரு தம்பி: கண்ணாடி அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் உடனே துடைக்க வேண்டுமா?

ஆறட்டும் தம்பி. சுடுகிற கண்ணாடியில் ஈரத்துணி பட்டால் விரிசல் விடலாம். அப்புறம் வெந்நீர்த் துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்துத் துடைத்தால் வந்துவிடும். கம்பி நார் கூடாது.

தஞ்சாவூரிலிருந்து, புதிதாகக் கல்யாணமான ஒரு தங்கை: ரசம் வைக்க மாமியார் ஈயச்சொம்பு கொடுத்திருக்கிறார். கேஸில் வைத்தால் உருகிவிடுமா?

வெறும் சொம்பை வைத்தால் நிச்சயம் உருகும். ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது, அது 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், கேஸ் தீயின் சூடோ அதைவிடப் பல மடங்கு. உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை அது சூட்டை வாங்கிக்கொள்வதால் சொம்பு தப்பிக்கிறது. அதனால் முதலில் புளித்தண்ணீர், அப்புறம்தான் தீ. சின்ன பர்னரில் சிம்மில் வையுங்கள். தீ சொம்பின் பக்கவாட்டில் ஏறக் கூடாது, தண்ணீர் இல்லாத மேல்பகுதி முதலில் வளைந்துவிடும். நுரை கூடியதும் அடுப்பை அணைத்து இறக்குங்கள். தாளிப்பதற்கு வேறு கரண்டி எடுங்கள், ஈயச்சொம்பில் எண்ணெய் காயவே கூடாது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, அந்த ரசத்துக்கு ஈடு கிடையாது.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு அண்ணன்: மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் சிலிண்டரை என்ன செய்வது?

தண்ணீர் ஏறும் முன்பே ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரை மேட்டில் நிமிர்த்தி வையுங்கள். காலி சிலிண்டர் மிதக்கும், மாட்டியே இருந்தால் டியூபை இழுத்துவிடும். நனைந்த ரெகுலேட்டரைக் காயவைத்து நீங்களே மாட்டாதீர்கள், ஏஜென்சி ஆள் பார்த்துச் சொல்லட்டும்.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பி வந்ததும் கேஸ் வாசனை அடித்தால் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இந்த கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கி நிற்கும். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து 1906-ஐ அழையுங்கள். கசிவு பார்க்கத் தீக்குச்சி வேண்டவே வேண்டாம். சோப்பு நுரையைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். டியூபில் அச்சிட்ட வருடத்தையும் பாருங்கள் அண்ணா. 5 வருடம் ஆகியிருந்தால் இந்த மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.