லீஸ் காரில், பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையாலேயே இயக்கும் ஹேண்ட் கண்ட்ரோலைத் தப்பாக மாட்டிக் கொடுத்துவிட்டார்கள், யாரிடம் போய்க் கேட்பது?

உங்களுடையதும் கம்பெனி மூலம் வந்த லீஸ் வண்டியாகத்தான் இருக்கும். அப்படியென்றால் ஆர்.சி. பெரும்பாலும் லீஸ் கொடுத்தவர் பெயரில் இருக்கும். அதனால் பக்கத்து வெல்டிங் பட்டறைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். "ஐந்நூறு ரூபாய் வேலைக்கு இவ்வளவு பேச்சா" என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதட்டும், பிரேக் பிடிக்காவிட்டால் போவது அவர்கள் உயிர் இல்லை.

எனக்கு ஊர் தர்மபுரி, வேலை ஓசூரில். இரண்டு காலிலும் போலியோ, காலிப்பர் (காலை நிமிர்த்தித் தாங்கும் கம்பிக் கட்டு) போடுகிறேன். வண்டி ஆட்டோமேட்டிக். லிவரைத் தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலரேட்டர். டெலிவரியின்போது தள்ளிப் பார்த்தேன். முக்கால்வாசி போனதும் காலிப்பரின் முட்டிப் பக்கக் கம்பியில் 'டக்'கென்று இடித்து நின்றுவிட்டது. மாட்டிய பையனைக் கூப்பிட்டேன். அவன் ஏறி உட்கார்ந்து, முட்டியை அகட்டி வைத்துக்கொண்டு தள்ளிக் காட்டி, "நல்லாத்தானே பிடிக்குது சார்" என்கிறான். என் கால் அப்படி அகலும் என்றால் இந்தக் கருவியே எனக்கு எதற்கு? மாமியார் வீடு சேலம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில், முன்னும் பின்னும் லாரி வரும்போது, முக்கால் பிரேக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வண்டியை எடுக்கவில்லை. லிவர் இடிக்கும் இடத்தை சீட்டில் உட்கார்ந்தபடியே வீடியோ எடுத்தேன். மாட்டியவர் லீஸ் கம்பெனியைக் கைகாட்டினார், அவர்கள் மாட்டியவரைக் கைகாட்டினார்கள். "உங்கள் பெயரில் பதிவான வண்டிக்கு பிரேக் முழுதாகப் பிடிக்கவில்லை என்று எழுத்தில் தெரிவித்துவிட்டேன்" என்று இருவருக்கும், எங்கள் எச்.ஆருக்கும் ஒரே மெயில் போட்டேன். அப்புறம்தான் அசைந்தார்கள். இந்த முறை காலிப்பரோடு என்னை சீட்டில் உட்கார வைத்து அளவெடுத்து, லிவரைத் தாங்கும் பிராக்கெட்டை மேலே ஏற்றி, லிவர் கம்பியின் நீளத்தைக் குறைத்தார்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, லிவர் எங்கும் தட்டவில்லை என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.

வண்டியில் செய்யும் மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவில் வருகிறது. உரிமையாளர் வழியாக ஆர்.டி.ஓ.வில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள், இன்சூரன்ஸுக்கும் தெரிவியுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நான் வக்கீல் இல்லை, ஆனால் இதெல்லாம் அலைந்து தெரிந்துகொண்டது.

இன்னொரு வயிற்றெரிச்சல். சமீபத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாய்தளத்தின் மேலேயே ஜெனரேட்டரை நிறுத்தியிருந்தார்கள். கேட்டால், "நாலு பசங்க தூக்கிடுவாங்க சார்." நான் என்ன சீர்வரிசைத் தட்டா?

சரி, உங்கள் விஷயம். பில்லில் ஹேண்ட் கண்ட்ரோல் பொருத்திய செலவு தனி வரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மொத்தமாகப் போட்டிருந்தால் பிரித்துக் கேட்டு வாங்குங்கள்.